வரைந்தவரைக் கேட்கவும்

பயப்படாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. வங்கியில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். கணக்காய்வாளர் வந்தால் பயம். வராவிட்டால், ஏன் இன்னும் வரவில்லை என்று பயம். பெட்டகத்தைப் பூட்டுகிற திறப்பு சட்டைப் பைக்குள் கிடக்கிறதா என்று தடவித் தடவியே பை மட்டும் கிழிந்துபோன சட்டைகள் என் வீட்டு அலுமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. போன வருடம் வயது வருமுன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் தொலைபேசி அடித்தால் இன்றைக்கும் மனைவியைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

ஆகவே, கிளைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத் துணிவைப் பற்றி எழுத என்னிடம் சரக்கு இல்லை. பயந்தவன் எப்படி வேலை பார்ப்பது என்று கேட்டால், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

அப்போது நான் யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிய ஒரு கிளையில் உதவி முகாமையாளர். எங்கள் முகாமையாளர் ஏதோ பயிற்சிக்கென்று கொழும்புக்குப் போய்விட்டார். அந்த வாரத்துக்கு நான் பதில் முகாமையாளர். 'பதில்' என்ற சொல்லை நம் உத்தியோக உலகம் எதற்காகத் தெரிவு செய்ததோ தெரியாது. யார் எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கவில்லை. முகாமையாளரின் சுழல் கதிரையில் இருந்தால் என் கால் நிலத்தில் முட்டாது. அதை இறக்குகிற பிடி எங்கே இருக்கிறது என்று கேட்கவும் வெட்கம். கால் ஆட ஆட அரசாண்டுகொண்டிருந்தேன்.

ஒரு முற்பகல், தலைமைக் காசாளர் மரியதாஸ் அண்ணை ஒரு காசோலையோடு அறைக்குள் வந்தார். குருநகர் ஆள். என்னைவிட மூத்தவர். அந்த வாரம் முழுக்க என்னை "மனேச்சர்" என்று கூப்பிட்டுவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தவர்.

"மனேச்சர், உதை ஒருக்கால் பாருங்கோ."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அப்போதே என் கை சட்டைப் பைக்குள் திறப்பைத் தேடிப் போனது.

அது ஒரு கந்தோரின் கணக்கில் எழுதப்பட்ட காசோலை. எந்த அரசாங்க அலுவலகம் என்று சொல்லமாட்டேன். தொகை பெரியது. அந்தக் கணக்கில் காசு எடுப்பதென்றால் இரண்டு கையொப்பம் வேண்டும்: ஒன்று செயலாளருடையது, மற்றது கணக்காளருடையது. இரண்டும் இருந்தன. ஆனால் செயலாளரின் கையொப்பம் வளைந்து வளைந்து போய்க் கடைசியில் ஒரு வால் விடும். வால் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நடந்தது இதுதான். கந்தோரின் கணக்காளர் மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. நமது பக்கத்தில் வழக்கம்போல, ஆள் வரும்வரைக்கும் செயலாளரே பதில் கணக்காளர் என்று மேலிடத்தில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தைப் பார்த்து எங்கள் கிளையிலும் யாரோ ஒருவர் அவருடைய மாதிரிக் கையொப்பத்தை இரண்டாவது அட்டையில் வாங்கி வைத்திருக்கிறார். அந்த யாரோ யாரென்று அறிய நான் அட்டையின் மூலையை அதிகம் உற்றுப் பார்க்கவில்லை.

"இதிலை என்ன பிழை அண்ணை? செயலாளரின்ரை இடத்திலை செயலாளர் வைச்சிருக்கிறார். கணக்காளரின்ரை இடத்திலை பதில் கணக்காளர் வைச்சிருக்கிறார். ரெண்டு அட்டையும் சரிதானே."

"அப்ப காசைக் குடுக்கட்டோ?"

"பொறுங்கோ, பொறுங்கோ."

"ஆற்றை பேருக்கு எழுதியிருக்கு எண்டும் ஒருக்கால் பாருங்கோ."

பார்த்தேன். செயலாளரின் சொந்தப் பேர்.

மரியதாஸ் அண்ணை குரலைத் தாழ்த்தினார். "எழுதினது அவர். சரி எண்டு பாத்தது அவர். வாங்கப் போறதும் அவர். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூண்டு பேரும் ஒராள் எண்டு கோயிலிலை சொன்னால் நான் முழங்காலிலை நிண்டு நம்புவன். கவுண்டரிலை நம்பச் சொல்லாதேங்கோ."

கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். காசோலையைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, செயலாளர் காசு வாங்குகிற வரிசையில் நின்றார். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. அவர் வரிசையில் நிற்கிற ஆள் அல்ல. பக்கத்துக் கதவால் வந்து, முகாமையாளரின் அறையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, காசு தன்னிடம் வரும்வரை காத்திருக்கிற ஆள். அவர் கத்தினால் அடுத்த கட்டடத்தில் தட்டெழுத்து நிற்கும் என்பார்கள். அப்படிப்பட்டவர் கொழும்புத்துறை மீன் வியாபாரி ஒருவருக்குப் பின்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடக்கமாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பொறியில் விழுத்தத்தான் இந்த வேடம் என்று முடிவு கட்டினேன்.

என் பயத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ வருடம் வன்னியிலும் தெற்கிலும் அலைந்துவிட்டு, புத்தூரில் உள்ள சொந்த வீட்டில் இருந்து வேலைக்குப் போய்வருகிற வாழ்க்கை எனக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். செயலாளர் ஒரு இடத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பெட்டி கட்டவேண்டும். காசைக் கொடுத்தாலோ, பிறகு ஒரு நாள் கணக்காய்வில் அகப்படுவது அவர் மட்டும் அல்ல. கொடுத்தாலும் போவேன், கொடுக்காவிட்டாலும் போவேன்.

முகாமையாளருக்கு எடுத்தேன். அவருடைய தொலைபேசி பயிற்சியில் இருந்தது. பிராந்தியக் காரியாலயத்துக்கு எடுத்தேன். அங்கே இருந்த மேலதிகாரி முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"அதை நாங்கள் உங்கடை தற்றுணிவுக்கு விடுறம், நீங்களே பாத்து முடிவெடுங்கோ," என்றார்.

தம்பி, தங்கச்சி, இந்தச் சொல்லை நன்றாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் உங்கள் தற்றுணிவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், மழை பெய்யப் போகிறது, அவர் தன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போகிறார் என்று பொருள். அதன் பிறகு நனைவது நீங்கள் மட்டும்தான்.

காசோலையைத் திருப்பி அனுப்புவது என்று முடிவெடுத்தேன். அதுவரை சரி. திருப்பி அனுப்புவதென்றால் ஒரு துண்டு இணைக்கவேண்டும். அதிலே காரணங்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும், ஒன்றுக்குச் சரி அடையாளம் போட்டால் போதும். கையொப்பம் வேறுபடுகிறது என்று ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் இங்கே என் பிரச்சினை கையொப்பம் வேறுபடவில்லை என்பதுதான். அப்படி ஒரு நாள் வரும் என்று துண்டை அச்சிட்டவர் நினைத்திருக்கவில்லை. கடைசியில் 'வேறு காரணம்' என்று ஒரு வெற்றுக் கோடு இருந்தது. அதில் எழுதுவதானால் சொந்த வசனத்தில் எழுதி, கீழே சொந்தப் பேரில் கையொப்பம் இடவேண்டும். அந்தக் கோட்டைப் பார்க்கவே எனக்குத் தலை சுற்றியது.

அதற்கு மேலே 'வரைந்தவரைக் கேட்கவும்' என்று இருந்தது.

வங்கித் தொழிலில் இதைவிடக் கோழைத்தனமான வசனம் கிடையாது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, காசோலையை எழுதியவரைப் போய்க் கேள் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அந்த எழுதியவருக்கும் மேசையில் இழுக்கிற லாச்சிக்கும் 'ட்றோவர்' என்று ஒரே சொல். இந்தத் துண்டு கிடைத்த ஒரு வியாபாரி வீட்டுக்குப் போய் லாச்சியைக் கவிழ்த்துத் தேடினார் என்று எங்களுக்குள் ஒரு பகிடி உண்டு. ஆனால் ஊரிலே அதை எல்லாரும் ஒரே மாதிரித்தான் வாசிப்பார்கள்: கணக்கில் காசில்லை. நான் சரியான முடிவுக்குப் பிழையான காரணத்தைப் போட்டேன். பேனை தானாக அங்கே போனது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

துண்டை மரியதாஸ் அண்ணையிடம் நீட்டினேன். "இதை அவரிட்டைக் குடுங்கோ."

"நீங்கள் எங்கை வெளிக்கிடுறியள்?"

"பெட்டகத்துக்கு. சில்லறை இருக்கோ எண்டு பாக்கவேணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சில்லறை வெளியிலைதானே நிக்குது," என்றுவிட்டுப் போனார்.

பெட்டக அறைக்குள் காற்று குறைவு. அங்கே நின்று, அடுக்கியிருந்த நாணயப் பைகளை இடம் மாற்றி வைத்தேன். பிறகு பழைய இடத்திலேயே திருப்பி வைத்தேன். வெளியே கத்துகிற சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை. துண்டை வாங்கிக்கொண்டு போயிருப்பார் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

செயலாளர் உள்ளே இருந்தார். என் கதிரைக்கு எதிரே, துண்டைக் கையில் விரித்துப் பிடித்தபடி.

"இரும்," என்றார். என் அறையில் என்னை இருக்கச் சொன்னார். இருந்தேன். கால் ஆடியது.

"வரைந்தவரைக் கேட்கவும்," என்று நிறுத்தி வாசித்தார். "நான்தான் வரைஞ்சனான். வந்து இருக்கிறன். கேளும்."

கேட்கத் தெரிந்த ஒன்றைத்தான் கேட்டேன்.

"சேர், தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"இதைக் கேக்கச் சொல்லியோ எழுதிக் கிடக்கு?"

"இல்லை சேர்."

"என்ரை கந்தோர்க் கணக்கிலை காசில்லையோ?"

"கிடக்கு சேர்."

"அப்ப இந்தத் துண்டு ஏன்?"

மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு நாட்காட்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ரெண்டு கையெழுத்தும் உங்கடை சேர். வாங்கிற பேரும் உங்கடை."

"கேக்கேல்லை. நிமிந்து சொல்லும்."

நிமிர்ந்து, இன்னொரு முறை சொன்னேன். இனி மேசையில் அடிப்பார் என்று கண்ணாடிக் குவளையை ஓரமாக நகர்த்தி வைத்தேன். அவர் அடிக்கவில்லை. கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடித் திறந்தார்.

"அதை எழுதித் தாரும்."

"சேர்?"

"இப்ப சொன்னீரெல்லோ, அதைத்தான். உந்தக் கோட்டிலை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாரும்."

அவரைச் சரியாக நான் பார்த்தது அப்போதுதான். முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டையின் மேல் பொத்தான் ஒரு ஓட்டை தவறிப் பூட்டியிருந்தது. அடுத்த கட்டடத்தில் தட்டெழுத்தை நிறுத்துகிறவர் பொத்தானைத் தவறிப் பூட்டமாட்டார்.

பிறகு அவர் சொன்னது இதுதான். அவருடைய கந்தோர் கட்டிய ஒரு மண்டபத்துக்குத் திறப்புவிழா. மேலிடத்தில் ஒரு பெரியவர், பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் என்று சொல்லிக் காசாகக் கேட்கிறார். பற்றுச்சீட்டு பிறகு வருமாம். உமது பேரிலேயே எழுதி எடுத்துத் தாரும், இரண்டு பதவியும் உம்மிடம்தானே இருக்கிறது என்று அந்தப் பெரியவரே வழியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"எனக்குப் பென்சனுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் கிடக்கு. காசை எடுத்துக் குடுத்தன் எண்டால், பற்றுச்சீட்டு வராது, கணக்காய்வு வரும், பென்சன் நிக்கும். குடுக்கமாட்டன் எண்டால் இப்பவே என்னிலை ஏதாவது விசாரணையைத் தூக்குவார். அதிலையும் பென்சன் நிக்கும். வங்கி மறுத்தால்தான் நான் தப்புவன் எண்டு நினைச்சு லைனிலை நிண்டு குடுத்தனான். பக்கத்துக் கதவாலை வந்தால் நீங்கள் தேத்தண்ணியைத் தந்து காசையும் தந்துபோடுவியள்."

"மறுத்துத்தானே இருக்கிறன் சேர்."

"இதுவோ மறுப்பு? இதை அவரிட்டைக் காட்டினால் என்ன சொல்லுவார்? வரைஞ்சவனைக் கேக்கச் சொல்லியிருக்கு எண்டு திரும்ப என்னட்டைத்தானே வருவார்?"

எனக்குள் கிடந்த குறும்பு அந்த நேரம் பார்த்தா தலை நீட்டவேண்டும். "உங்களுக்கு ஏலாது எண்டு அவரிட்டை நேரை சொல்லேலாதோ சேர்?" என்று கேட்டுவிட்டேன்.

"உமக்கு ஏலுமோ? ஏலுமெண்டால் பெட்டகத்துக்கை என்ன செய்தனீர்?"

நாணயப் பைகளின் தூசி படிந்த கையை மேசைக்குக் கீழே இறக்கினேன்.

அவர் என் பேரைக் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அந்தக் கோட்டில் நான் எழுதினால், மேலிடத்துப் பெரியவரின் பார்வை அவரை விட்டு என் பக்கம் திரும்பும். எழுதாவிட்டால், ஒரு மனிதரின் பென்சன் போகும். அதற்குப் பிறகு அவர் வேறு கிளைக்குப் போவார், அங்கே என்னைவிடக் கூடப் பயந்த ஒருவர் காசையே கொடுத்துவிடுவார்.

துணிந்து எழுதினேன் என்று நினைக்கவேண்டாம். இரண்டு பயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது குறைந்த காலம் நீடிக்கும் என்று பார்த்தேன். மாற்றம் வந்தால் பெட்டி கட்டலாம், போகலாம், ஒரு மழைக்காலம் போனால் அந்த ஊரும் பழகிவிடும். தெரிந்துகொண்டே பிழையான துண்டைக் கொடுத்தவன் என்பது பழகாது. நான் சின்னப் பயத்தைத் தெரிவு செய்தேன். என் உத்தியோக காலத்தில் நான் எடுத்த நல்ல முடிவுகள் எல்லாம் அப்படி எடுத்தவைதான்.

பழைய துண்டைத் திருப்பிக் கேட்டேன். தயங்கித் தந்தார். கிழித்தேன். புதுத் துண்டின் வெற்றுக் கோட்டில், இரண்டு கையொப்பங்களும் ஒருவருடையவை, காசைப் பெறுபவரும் அவரே, வேறொருவரின் கையொப்பம் இல்லாமல் வங்கி இதனை ஏற்காது என்று எழுதினேன். கோடு போதவில்லை. பக்கவாட்டில் திருப்பி எழுதினேன். கீழே பேர், பதவி, கையொப்பம். என் கையொப்பம் என்னுடையது போலவே இல்லை. வேறொருவர் கொண்டுவந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

செயலாளர் துண்டை ஒருமுறை வாசித்தார். உடனே தன் கைபேசியை எடுத்து, அங்கேயே வைத்துப் பெரியவருக்கு அடித்தார்.

"சேர், வங்கி மறுக்குது சேர். ... ஓம் சேர், எழுத்திலை தந்திருக்கினம். ... இஞ்சைதான் இருக்கிறார் சேர்."

கைபேசியை என்னிடம் நீட்டினார். பெரியவர் கத்துவார் என்று அதைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவர் கத்தவில்லை. குரல் குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி இருந்தது.

"தம்பி, நீங்கள்தானோ அந்த மனேச்சர்?"

"பதில் மனேச்சர், ஐயா."

"நல்லது. உங்கடை முழுப்பேரைச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

"இனிசல்?"

அதையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, அதை அவர் அங்கே யாருக்கோ திருப்பிச் சொல்வது கேட்டது.

"சொந்த இடம்?"

"புத்தூர், ஐயா."

"நல்ல இடம்," என்றார். வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்று கேட்டார் செயலாளர்.

"புத்தூர் நல்ல இடமாம்."

"என்ரை பேர் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை சேர். என்ரைதான்."

அவர் துண்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழும்பினார். வந்த காரியம் முடிந்துவிட்டது, நினைத்ததைவிட நன்றாகவே முடிந்துவிட்டது. கதவுப் பிடியில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிடி இறுகியிருக்கிறதோ, எழும்பித் திறந்துவிடவேண்டுமோ என்று யோசித்தேன்.

அவர் திரும்பி வந்து கைபேசியை எடுத்து மறுபடியும் அடித்தார். இந்த முறை இருக்கவில்லை, நின்றபடியே கதைத்தார்.

"சேர், நான்தான். வங்கி மறுத்தது ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்தச் செக்கை நான் எழுதியிருக்கக்கூடாது. ... இல்லை சேர், பெடியன் சரியாத்தான் செய்திருக்கிறார். வேறை வங்கியிலையும் நான் போடமாட்டன். கடைக்காரர் பற்றுச்சீட்டைத் தரட்டும், அவையின்ரை பேருக்கே குடுப்பம். ... ஓம் சேர். என்ரை பேரையும் எழுதி வையுங்கோ."

வகுப்பில் எழுப்பி நிறுத்திய பிள்ளையின் குரல் மாதிரிக் கீச்சிட்டது. கதைத்து முடிந்ததும் கதிரையில் விழுந்தார். முழங்கால் இரண்டும் ஆடுவது காற்சட்டைக்கு மேலாலேயே தெரிந்தது. நான் மேசைக்குப் பின்னால் இருந்தபடியால் என்னுடையது தெரியவில்லை, முகாமையாளரின் மேசையால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

மரியதாஸ் அண்ணை கேளாமலே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "ரெண்டு பேருக்கும் சீனி கூடப் போட்டிருக்கு," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும்தான்," என்றார்.

திறப்புவிழா நடந்தது. பந்தல்காரர் பற்றுச்சீட்டுக் கொடுத்து, புதுக் கணக்காளர் வந்து, இரண்டு பேரின் இரண்டு கையொப்பத்தோடு பந்தல்காரரின் பேருக்கே காசோலை வந்தது. ஏற்றுக்கொண்டோம். மகளின் பரீட்சை முடிகிறவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு எனக்கு ஒரு தீவுக் கிளைக்கு மாற்றம் வந்தது. காரணம் என்று ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. காரணம் எழுதுகிற கோடு அந்தக் கடிதத்தில் இருக்கவில்லை. நான் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை, கிணற்றை எட்டிப் பார்த்தாலே மயக்கம் வரும். தினமும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி, தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டு, மரியதாஸ் அண்ணையின் தெய்வங்களையும் விடாமல் கூப்பிட்டு, வாந்தி எடுத்து, போய் வேலை பார்த்தேன்.

இதிலே உங்களுக்கு நான் சொல்லவருவது சின்ன விசயம். மறுக்கவேண்டிய இடத்தில் மறுப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தக் காரணத்தால் மறுக்கிறீர்களோ, அந்தக் காரணத்தையே எழுதுங்கள். பயந்த கை அச்சிட்ட வசனத்தைத்தான் முதலில் தேடும், தேடட்டும். நீங்கள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வெற்றுக் கோட்டில் விடுங்கள். எதிரே நிற்கிறவர் உங்களைப் பயமுறுத்த வந்தவரா, பயந்து வந்தவரா என்பது அவரைக் கேட்கும்வரைக்கும் தெரியாது.

தீவுக் கிளைக்கு நான் போய்ப் பழகிய பிறகு ஒரு நாள், முதல் படகில் வந்த ஆட்களோடு செயலாளரும் வந்தார். காலில் செருப்பு, கையில் ஒரு துணிப் பை. முகத்தில் கடல் காற்றின் உப்பு. எனக்கு எதிரே இருந்து மூச்சு வாங்கினார்.

"பென்சன் சரி வந்திட்டுது. கணக்கு ஒண்டு திறக்கவேணும்."

"இஞ்சையோ சேர்? அரியாலையிலை உங்கடை வீட்டடியிலையே கிளை கிடக்கே."

"கிடக்கு."

"மாசம் மாசம் உந்தக் கடலிலை வரப்போறியளோ?"

"காசு எடுக்க அங்கை மெசின் கிடக்குத்தானே. கணக்கு இஞ்சை கிடக்கட்டும்." பையில் இருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "அங்கை இருக்கிறவையளை எனக்குத் தெரியாது தம்பி. குடுக்கக்கூடாத ஆளுக்குக் குடுக்காமல் விடுவினமோ எண்டும் தெரியாது."

அப்படியான நேரங்களில் உத்தியோகத்தர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். விண்ணப்பத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"அடையாள அட்டை கொண்டுவந்தனீங்களோ சேர்?"

"கொண்டுவந்தனான்," என்று சட்டைப் பையில் இருந்து எடுத்து நீட்டினார். "நீர் கேப்பீர் எண்டு தெரியும்."